பழைய சுவருக்குச் சிமெண்டு பூசாதீர்கள்

குமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில், நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு பழைய நாலுகெட்டு வீடு. வில்லுப்பாட்டும் களரியும் சொல்லிக்கொடுக்கும் கலைக்கூடமாக மாற்ற ஊர் இளைஞர்கள் முன்வந்தார்கள். நல்ல காரியம். ஆனால் என்னைக் கூப்பிட்டபோது பழைய சுண்ணாம்புப் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துச் சிமெண்டு பூசி, இடுப்புயரத்துக்கு டைல்ஸும் ஒட்டி, ஒரு மழைக்காலமும் போயிருந்தது. டைல்ஸுக்கு மேலே வரிசையாக உப்புப் பூத்திருந்தது. “பலமா இருக்கட்டும்னுதான் சார் சிமெண்டு போட்டோம்” என்றார்கள். இதே பதிலை எத்தனை இடத்தில்தான் கேட்பது?

சிமெண்டு பலமானதுதான். அந்தப் பலம் இந்தச் சுவருக்கு ஆகாது. போர்ட்லாண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதே 1824இல். நம் பத்மநாபபுரம் அரண்மனையின் தொடக்கம் அதற்கும் இருநூறு ஆண்டுகள் முந்தியது. சிமெண்டு இல்லாமல்தான் அது நிற்கிறது.

வெட்டுகல் என்னும் செம்புரைக்கல்லால் கட்டிய பழைய சுவரின் அடியில் ஓதம் தடுக்கும் ஏற்பாடு கிடையாது. மண்ணின் ஈரம் ஏறத்தான் செய்யும். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்து வெளியேறிவிடும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று என்று இரண்டு மழை பார்க்கும் மாவட்டம் இது. காய்வதற்குக் கிடைக்கும் நாளே குறைவு. அந்த வழியையும் சிமெண்டு வைத்து அடைத்தால் ஈரம் எங்கே போகும்? இன்னும் மேலே ஏறும். சிமெண்டு விறைப்பானது. வெயிலுக்கும் மழைக்கும் சுவர் கொஞ்சம் அசைந்தாலே மயிரிழை வெடிப்பு விழும். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும், திரும்பி வராது. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிந்து கல்லின் முகத்தைப் பொடியாக்கும். ஒருநாள் பூச்சு பெயரும்போது கல்லும் சேர்ந்தே வரும். உத்தரம் சுவரில் உட்காரும் இடம்வரை ஈரம் எட்டிவிட்டால் தேக்கானாலும் அயனியானாலும் முனை உளுத்துப்போகும். எனாமல் பெயிண்ட், வாட்டர்ப்ரூஃப் பூச்சு, டைல்ஸ் எல்லாம் செய்வதும் இதே வேலைதான்.

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் இல்லை என்பார்கள். தேடினால் இருக்கிறார்கள். நீற்றிய சுண்ணாம்பு ஊறுவதற்கான நாட்களைத்தான் யாரும் கொடுக்கத் தயாராக இல்லை. திறப்பு விழாத் தேதியை முதலில் அச்சடித்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் காரையில் சேர்த்த கடுக்காயும் கருப்பட்டியும் இங்கே கிடைக்காத பொருளா?

அடுத்தது மச்சு, அதாவது மாடியின் மரத்தளம். இதில் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். குடும்பம் புழங்கிய மரத்தளத்தில் நூறு பேரை உட்காரவைத்துக் கச்சேரி நடத்துகிறார்கள். இந்தியத் தரநிலைப்படி வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும். நிலையான இருக்கை இல்லாத அரங்கு என்றால் 500 கிலோ. நீங்கள் வாங்கியது வீடு, நடத்தப்போவது அரங்கு. எல்லோரும் ஒரே தாளத்துக்குக் கால் போட்டால் அதிர்வு வேறு சேரும். பத்மநாபபுரத்தின் நவராத்திரி மண்டபத்தைப் போய்ப் பாருங்கள். ஆட்டத்தைத் தரைமட்டத்தில், கருங்கல் தூண்களுக்கு நடுவே வைத்தார்கள். நீங்களும் ஆட்டத்தையும் கூட்டத்தையும் கீழேயே வையுங்கள். மேலே புத்தகம்கூட அடுக்க வேண்டாம், அதுவும் கனம்தான். அலுவலக மேசை ஒன்றிரண்டு போதும்.

ஹால் பெரிதாக வேண்டும் என்று நடுச்சுவரை எடுக்காதீர்கள். கூரையின் பாரம் அதன்மேல் இருக்கலாம். நடுமுற்றத்தை ஷீட் போட்டு மூடாதீர்கள். சூடும் ஈரமும் வெளியேறுவது அந்த வழியாகத்தான். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். ஒழுகலும் கரையானும் அதன்மேல் ஒளிந்துகொள்ளும். ஓடும் மரமும் உள்ள கூரையின்கீழ் உடுக்கும் குடமும் எவ்வளவு நன்றாகக் கேட்கும் என்று வில்லுப்பாட்டுக்காரர்களையே கேளுங்கள். ஒக்கிப் புயலுக்குப் பிறகு ஓட்டுக்கூரையைப் பார்த்தாலே பயப்படுகிறார்கள். விளிம்பு ஓடுகளைக் கம்பியால் அவற்றைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பரோடு கட்டுங்கள், அதற்காகக் கூரையையே மாற்ற வேண்டாம். காய்ந்த மரத்தின்மேல் வெறும் ஒயரை ஆணியடித்து மேடை விளக்கு எரிக்காதீர்கள். பழைய வாசல்கள் குறுகல். கூட்டம் வெளியேற இரண்டாவது வழி இல்லாமல் ஒரு நிகழ்ச்சிகூட வைக்காதீர்கள். பக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் இருந்தால் 100 மீட்டருக்குள் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டரும் கட்டுப்பாட்டுப் பகுதிதான்.

ஏற்கெனவே சிமெண்டு பூசிவிட்டவர்கள் தயவுசெய்து பதறி மொத்தத்தையும் உடைக்காதீர்கள். வெளிச்சுவரின் அடியில், கண்ணில் படாத ஓரிடத்தில், ஓர் அடி அகலத்துக்கு மட்டும் கையுளியால் எடுத்துப் பாருங்கள். தானாகப் பெயர்ந்து வந்தால் தொடரலாம். கல்லைப் பிய்த்துக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சுவரோரம் தேங்கும் மழைநீருக்கு ஓடை வெட்டுங்கள், ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். புதுப் பூச்சைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.