'கம்பைல்' செய்தல் தொகுத்தல் ஆகுமா?

மனிதர் எழுதிய நிரலை, அதாவது மூலநிரலை, இயந்திரம் இயக்கும் கட்டளைகளாக ஆக்குவதை ஆங்கிலத்தில் 'கம்பைல்' என்பர்; தமிழில் அது 'தொகுத்தல்' என்று வழங்குகின்றது. நிரலாக்கக் கருவி ஒன்றை அதன் மூலநிரலிலிருந்து நிறுவும் முறையைச் சொல்லும் தமிழ்க் குறிப்புகளில் 'மூலத்தைத் தொகுத்து நிறுவவும்' என்ற தொடர் தவறாமல் இடம்பெறுகின்றது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளைகள் பரீட்சைக்காகக் கம்பைலரைத் 'தொகுப்பான்' என்று மனனம் செய்துவிட்டு, பின்னர் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ அதே கருத்தை ஆங்கிலத்தில் அடியிலிருந்து கற்க நேர்வதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

'கம்பைல்' இலத்தீனில் கொள்ளையிடுதலைக் குறித்த வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பல நூல்களிலிருந்து எடுத்துச் சேர்த்தல் என்ற பொருளைப் பெற்றது. 1952 இல் அமெரிக்கக் கணினியியலாளர் கிரேஸ் ஹொப்பர் யூனிவாக் கணினிக்கு உருவாக்கிய ஏ-0 என்ற கம்பைலர், நாடாவில் இருந்த துணைநிரல்களை எடுத்துக் கோத்தது. ஆகவே அந்தப் பெயர் அதற்குப் பொருந்தியது. ஆனால் 1957 இல் ஐ.பி.எம். வெளியிட்ட போர்ட்ரான் மொழியின் கம்பைலர், கணித வாய்பாடு போல எழுதிய வரிகளை இயந்திரக் கட்டளைகளாக ஆக்கித் தந்தது. வேலை மாறிய பின்னும் ஆங்கிலத்தில் பழைய பெயரே நிலைத்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் வேலையைப் பாராமல் அகராதியைப் பார்த்துப் பெயரிட்டார்கள்.

லுவா என்ற நிரலாக்க மொழியை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் எழுதப்பட்ட அதன் மூலக் கோப்புகள் எல்லா இயங்குதளங்களுக்கும் ஒன்றே. அவற்றைப் பதிவிறக்கிய பின் லினக்ஸ் கணினியில் 'மேக் லினக்ஸ்' என்றும், மக் கணினியில் 'மேக் மக்ஓஎஸ்எக்ஸ்' என்றும், விண்டோஸில், அதற்கான இயக்கக் கோப்பை ஆக்கித் தரும் மிங்டபிள்யூ கருவிகளை நிறுவியிருந்தால் 'மேக் மிங்டபிள்யூ' என்றும் இயங்குதளத்தைச் சுட்டிக் கட்டளையிடலாம். லினக்ஸில் கிடைத்த இயக்கக் கோப்பை அப்படியே எடுத்துச் சென்றால் அது விண்டோஸில் ஓடாது. ஒருமுறை தொகுத்ததை மறுபடியும் ஏன் தொகுக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டால், 'தொகுத்தல்' என்ற சொல்லுக்குள் அதற்கு விடை இல்லை. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதனதன் மொழியில் பெயர்க்க வேண்டும் என்றால் அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

உண்மையில் தொகுத்தலுக்கு நெருங்கிய வேலை அடுத்த படியில்தான் நடக்கின்றது: பெயர்த்துப் பெற்ற துண்டுக் கோப்புகளையும் ஆயத்த நிரல்களின் நூலகங்களையும் ஒன்றாக்கும் அந்த வேலைக்கு நாம் 'இணைத்தல்' என்று நல்ல பெயர் வைத்திருக்கிறோம். போதாக்குறைக்கு, தமிழ் விக்கிப்பீடியாவில் 'தொகு' என்பது திருத்தி எழுதுவதைக் குறிக்கின்றது. உரையைத் திருத்தும் செயலியும் தொகுப்பி, பதிவிறக்கும் பொதியும் தொகுப்பு. ஒரே பத்தியில் இவை எல்லாம் வந்தால், கணினியின் முன்னே இருக்கும் பிள்ளை எதைச் செய்வது?

'தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்று, முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலின் வகைகளைத் தொல்காப்பிய மரபியல் பிரிக்கின்றது. தொகுப்பதும் பெயர்ப்பதும் வெவ்வேறு தொழில்கள் என்று அத்தனை பழைய நூலே வரையறுத்திருக்க, அவற்றைக் கலைச்சொல்லாக்கத்தில் குழப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் பாடல்களை வேறு மொழிக்கு மாற்றவில்லை.

ஆகவே 'நிரல்பெயர்த்தல்' என்றும், அதைச் செய்வதை 'நிரல்பெயர்ப்பி' என்றும் சொல்வதே தகும். 'பெயர்' என்ற வினையை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊர் ஊராக இடம்பெயர்ந்து மீண்டவர்கள் நாங்கள். 'நிரல்மாற்றி' என்பாரும் உளர். அது பிழையில்லை, எனினும் ஒளிப்படத்தின் கோப்பு வடிவத்தை மாற்றும் செயலியும் மாற்றிதான் என்பதால் அச்சொல் மிகப் பொதுவாகிவிடுகின்றது.

நிரலை வரிவரியாகப் படித்து இயக்கும் 'இன்டர்பிரெட்டர்' என்ற செயலியும் பெயர்ப்பி ஆகிவிடாதா என்ற மறுப்பைக் கேட்டிருக்கிறேன். ஆகாது. நிரல்பெயர்ப்பி தன் வேலை முடிந்ததும் தனியே எடுத்துச் செல்லத்தக்க ஒரு கோப்பைத் தந்துவிட்டு விலகுகின்றது. மற்றையது நிரல் ஓடி முடியும்வரை கூடவே இருக்க வேண்டும், ஆதலால் அதற்கு 'வரியியக்கி' என்பது போன்ற வேறொரு பெயரே வேண்டும்.