அவசரப்படும் கல்லீரல்: கர்ப்பத்தில் சிகரெட்டை விடுவது ஏன் இத்தனை கஷ்டம்?

பிரிட்டனில் ஒரு பெண் கர்ப்பமாகி முதல் தடவை மிட்வைஃபை, அதாவது பேறுகால செவிலியைப் பார்க்கப் போனால், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்த கையோடு ஒரு சின்னக் கருவியை நீட்டுவார்கள். மூச்சை இழுத்து, பதினைந்து நொடி அடக்கி, நெஞ்சு காலியாகும்வரை மெதுவாக அதில் ஊத வேண்டும். திரையில் ஒரு எண் வரும். வெளிவிட்ட காற்றின் பத்து லட்சம் பங்கில் கார்பன் மோனாக்சைடு எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். 4 அல்லது அதற்கு மேல் வந்தால், புகைப்பழக்கத்தை விட உதவும் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்கள். வீட்டில் கேஸ் பாய்லர் பழுதாகியிருந்தாலும் எண் ஏறும் என்பதால் அதையும் விசாரிப்பார்கள்.

வாயால் கேட்டால் போதாதா என்று தோன்றலாம். ஸ்காட்லாந்தில் 3475 கர்ப்பிணிகளின் ரத்த மாதிரிகளைச் சோதித்துப் பார்த்து 2009-ல் ஒரு ஆய்வு வெளியானது. புகைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் 24 சதவீதம். ரத்தம் சொன்ன கணக்கோ 30 சதவீதம். மறைத்தவர்கள் ஏன் மறைத்தார்கள் என்று ஊகிப்பது பெரிய கஷ்டமில்லை. 'வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இப்படிச் செய்யுறியே' என்ற பேச்சு எல்லா ஊரிலும் எல்லா மொழியிலும் இருக்கிறது. பிள்ளை மேல் பாசம் இருந்தால் தானாக விட்டுவிடுவாள் என்று ஊர் நினைக்கிறது. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள், விட முடியாமல் போகும்போது இன்னும் ஒடுங்கிப்போகிறாள். ஆனால் இந்த விஷயத்தில் பாசத்துக்கு வேலை குறைவு. கர்ப்பம் என்பதே கல்லீரலை முடுக்கிவிட்டு நிகோடினை வேகமாக வெளியேற்ற வைக்கிறது. ஒரு சிகரெட்டின் தெம்பு சீக்கிரம் தீர்கிறது, அடுத்த சிகரெட்டுக்கான தவிப்பு சீக்கிரம் வருகிறது. அந்தக் கதைக்கு வருமுன், புகை உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

அந்தக் கருவி அளக்கும் கார்பன் மோனாக்சைடிலிருந்தே தொடங்குவோம். ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினை நாலு சீட் உள்ள ஒரு குட்டி பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் நல்ல பயணி. நுரையீரலில் ஏறும், உறுப்புகளில் இறங்கிவிடும். கார்பன் மோனாக்சைடு ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் ஆசாமி. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும், லேசில் எழுந்திருக்காது. போதாததற்கு, அது ஏறிய பஸ்ஸில் மற்ற சீட்டுகளில் இருக்கும் ஆக்சிஜனும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கத் தயங்கும். வண்டி வருகிறது, சரக்கும் இருக்கிறது, இறக்கத்தான் முடியவில்லை.

அம்மாவின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் ஒன்றாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடியில் மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஓடுகின்றன. கார்பன் மோனாக்சைடு அந்தச் சவ்வைத் தாண்டிவிடும். குழந்தையின் ஹீமோகுளோபின் பெரியவர்களுடையதைவிடச் சற்று வேறு மாதிரியானது. அம்மாவிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்வதற்காகவே கூடுதல் பிடிப்போடு இயற்கை அதை அமைத்திருக்கிறது. அந்தக் கூடுதல் பிடிப்பே இங்கே வினையாகிறது. அம்மாவின் ரத்தத்தில் இருப்பதைவிட 10 முதல் 15 சதவீதம் அதிகமாகக் குழந்தையின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் ஒருவருக்கு ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். குழந்தைக்கு அதைவிடத் தாமதம். பகல் முழுக்க அவ்வப்போது புகைப்பவரின் குழந்தைக்கு அந்தத் துண்டு போட்ட சீட் காலியாவதே இல்லை. இதையே திருப்பிப் பார்த்தால் நல்ல செய்தி: ஓரிரண்டு நாள் புகைக்காமல் இருந்தால் போதும், வண்டியில் கிட்டத்தட்ட எல்லா இடமும் மறுபடி ஆக்சிஜனுக்குத்தான்.

நிகோடின் தன் பங்குக்கு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதுவும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை அடைகிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சோன்டாக், வாலஸ் என்ற இருவர் 1935-லேயே, அம்மா சிகரெட் பிடிக்கும்போது வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பு மாறுவதைப் பதிவு செய்தார்கள். 1957-ல் கலிஃபோர்னியாவில் வினியா சிம்ப்சன், புகைக்கும் அம்மாக்களுக்குக் குறைமாதக் குழந்தைகள் அதிகம் பிறப்பதைக் கணக்கெடுத்துக் காட்டினார். அதன்பின் நாடு நாடாக வந்த ஆய்வுகள் எல்லாம் சராசரியாக 200 கிராம் அளவுக்கு எடை குறைவதைச் சொல்கின்றன. 200 கிராம்தானே என்று விட்டுவிட முடியாது. சராசரிக்குப் பின்னால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துபோவதும், குறைமாதப் பிரசவமும், இறந்தே பிறப்பதும் இருக்கின்றன. இதையெல்லாம் அறிந்த காலத்தில்தான், 1971-ல், பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்தின் தலைவர் ஜோசப் கல்மன் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், குழந்தைகள் சிறிதாகப் பிறப்பது உண்மைதான், ஆனால் ஆரோக்கியமாகவே இருக்கின்றன, சில பெண்கள் சின்னக் குழந்தையைத்தான் விரும்புவார்கள் என்றார். என்ன துணிச்சல்!

சரி, விட்டால் பலன் உண்டா? நிறையவே உண்டு. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் முதல் பிரசவப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், 15 வாரத்துக்குள் சிகரெட்டை விட்டவர்களுக்குக் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் புகைக்காதவர்களுக்கு இருந்த அளவில்தான் இருந்தன. அதற்குப் பிறகு விட்டாலும் வீண்போகாது. குழந்தை எடை போடுவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான்.

இத்தனை பலன் இருந்தும் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்குக் கல்லீரலைத்தான் கேட்க வேண்டும்.

இழுத்த புகையிலிருந்து நிகோடின் மூளைக்குப் போய்ச் சேரப் பத்திருபது நொடி போதும். அங்கே டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்க வைத்து, ஒரு நிம்மதியைக் கொடுக்கிறது. தினமும் வாங்கிப் பழகிய மூளை, நிகோடினுக்கான ஏற்பிகளை எண்ணிக்கையில் கூட்டிவைத்துக்கொண்டு காத்திருக்கும். ரத்தத்தில் அளவு இறங்க இறங்க எரிச்சல், படபடப்பு, எதிலும் மனம் ஒட்டாமை. அப்புறம் அடுத்த சிகரெட். ஆக, எவ்வளவு சீக்கிரம் அளவு இறங்குகிறது என்பதுதான் அடிமைத்தனத்தின் கடிகாரம். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது கல்லீரலில் இருக்கும் சிப்-2ஏ6 என்ற நொதி. அதுதான் நிகோடினைக் கோட்டினின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இந்த நொதியைத் தூண்டிவிடும். பொதுவாகவே பெண்களின் உடல் ஆண்களுடையதைவிட வேகமாக நிகோடினைக் கழிக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இன்னும் வேகம். கர்ப்பத்திலோ ஈஸ்ட்ரோஜன் வெள்ளமாகப் பெருகுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் நிகோடின் ஆராய்ச்சியாளர் நீல் பெனோவிட்ஸின் குழு, புகைக்கும் ஒரு சில கர்ப்பிணிகளுக்கு, கனமான ஹைட்ரஜனால் அடையாளமிட்ட நிகோடினைச் சிறு அளவில் ரத்தத்தில் செலுத்தி, எவ்வளவு வேகமாகக் கழிகிறது என்று அளந்தது. பிரசவத்துக்குப் பிறகு அதே பெண்களிடம் மறுபடி அளந்தது. 2002-ல் வந்த முடிவு: கர்ப்பத்தில் நிகோடின் கழியும் வேகம் 60 சதவீதம் கூடுதல். கோட்டினினுக்கு 140 சதவீதம். சாதாரணமாக 16.6 மணி நேரத்தில் பாதியாகும் கோட்டினின், கர்ப்பத்தில் 8.8 மணி நேரத்திலேயே பாதியாகிவிட்டது.

வழக்கமாக இரண்டு மணி நேரம் தாங்கும் ஒருவருக்கு இப்போது ஒன்றரை மணி நேரத்திலேயே கை பரபரக்கிறது என்றால், அது மனசு செய்யும் காரியமில்லை. காலையில் கண் விழிக்கும்போதே, உடலில் இருந்த நிகோடின் இரவோடு இரவாகக் கழிந்து முடிந்திருக்கும். அந்த முதல் சிகரெட்டைத் தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். எண்ணிக்கையைப் பாதியாக்கிவிட்டேன் என்று பெருமைப்படுபவர்களும், தங்களை அறியாமலே ஒவ்வொன்றையும் ஆழமாக, அடிவரை இழுத்து வட்டியும் முதலுமாக வசூலித்துக்கொள்வதுண்டு. ஊதும் கருவியில் எண் பாதியாகக் குறையாதபோதுதான் விஷயம் புரியும்.

இதே கல்லீரல் காபி விஷயத்தில் நேர் எதிராக நடக்கிறது. காஃபினைச் சிதைப்பது வேறொரு நொதி. கர்ப்பத்தில் அது மந்தமாகிவிடும். கடைசி மாதங்களில் காஃபின் உடலில் தங்கும் நேரம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. சிகரெட் புகையிலுள்ள தார்ப் பொருட்கள் இந்த நொதியை முடுக்கிவிடும் என்பதால், புகைத்த காலம்வரை காபி சீக்கிரம் செரிமானமாகியிருக்கும். சிகரெட்டை விட்டதும் அந்த முடுக்கமும் போய்விடும். காபியை மட்டும் அதே மூன்று டம்ளர் என்று தொடர்ந்தால், ராத்திரி தூக்கம் வராது, கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு பலர் திரும்பவும் பாக்கெட்டைத் தேடுகிறார்கள். விடும் வாரத்தில் காபியையும் பாதியாகக் குறைத்துவிடுவது உபயோகமான யோசனை.

நிகோடின் பேட்ச் எங்கே தோற்கிறது என்பதும் இங்கே விளங்கும். கார்பன் மோனாக்சைடும் தாரும் இல்லாமல் நிகோடினை மட்டும் தோல் வழியாகக் கொடுப்பது பேட்ச். கர்ப்பிணி அல்லாதவர்களிடம் நன்றாகவே வேலை செய்கிறது. இங்கிலாந்தில் 1050 கர்ப்பிணிகளிடம், 16 மணி நேரத்துக்கு 15 மில்லிகிராம் பேட்ச் ஒன்றையும் நிகோடின் இல்லாத வெறும் பேட்ச் ஒன்றையும் ஒப்பிட்டு 2012-ல் முடிவு வெளியானது. ஒரு மாதம் முடிந்தபோது நிகோடின் பேட்ச் போட்டவர்களில் 21.3 சதவீதம் பேர் புகையில்லாமல் இருந்தார்கள், மற்றவர்களில் 11.7. பிரசவ நேரத்திலோ 9.4-க்கு 7.6 என்று சுருங்கிவிட்டது, சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. வேகமாகக் கழிக்கும் உடலுக்கு வழக்கமான அளவு யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதைதான்.

ஆனால் கல்லீரல் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. பிரான்சில் எச்சிலில் கோட்டினினை அளந்து ஆளுக்கேற்ப அளவைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வந்த அந்த முடிவும் ஏமாற்றம்தான். இங்கிலாந்து ஆய்வில் ஒரு விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நிகோடின் பேட்ச் கிடைத்தவர்களில் ஒரு மாதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டவர்கள் 7.2 சதவீதம் பேர்தான். குழந்தைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பேட்சைப் பிய்த்துப் போடுவது கர்ப்பிணிகளிடம் சகஜம். அந்தப் பயத்தோடு திரும்பிப் போவது எதனிடம் என்று பாருங்கள்! அதே நிகோடின், கூடவே துண்டு போடும் ஆசாமி. இங்கிலாந்து ஆய்வில் இருந்த பெண்களின் குழந்தைகளை இரண்டு வயதில் பார்த்தபோது, வளர்ச்சிக் குறை இல்லாதவர்கள் நிகோடின் பேட்ச் பிரிவில்தான் சற்று அதிகம். அந்த ஒரு மாதப் புகையில்லாக் காலம் உதவியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

மருந்து தடுமாறிய இடத்தில் பணம் ஓரளவு ஜெயித்தது என்பது பலருக்குப் பிடிக்காத உண்மை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 612 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான உதவியோடு கடைகளில் செலவழிக்கும் வவுச்சர்களும் கொடுத்தார்கள். ஆலோசனைக்கு வந்து விடும் தேதி குறித்தால் 50 பவுண்ட், நாலு வாரம் தாக்குப்பிடித்தால் 50, பன்னிரண்டு வாரத்தில் 100, கர்ப்பத்தின் 34 முதல் 38 வாரத்துக்குள் எச்சில் சோதனையிலும் தேறினால் 200. வவுச்சர் பெற்றவர்களில் 22.5 சதவீதம் பேர் விட்டார்கள், மற்றவர்களில் 8.6 சதவீதம். புகைப்பவளுக்குப் பரிசா என்று பொங்கியவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அங்கே கர்ப்பத்தில் புகைப்பது பெரும்பாலும் ஏழ்மையோடு பின்னிய பழக்கம். நாளைக்குக் கிடைக்கப்போகும் ஆரோக்கியத்தைவிட இந்த வாரம் கையில் இருக்கும் வவுச்சர், அந்த ஒன்றரை மணி நேரத் தவிப்பைக் கடக்கப் பிடிமானமாக இருந்திருக்கிறது.

நம் பக்கம் சிகரெட் பிடிக்கும் கர்ப்பிணிகள் குறைவு என்று ஆறுதல்பட வேண்டாம். மும்பையில் 1217 பெண்களைத் தொடர்ந்து 2004-ல் வெளியான ஆய்வில், வாயில் போடும் புகையிலையே குழந்தையின் எடையைச் சராசரியாக 105 கிராம் குறைத்திருந்தது. வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பெண்ணின் கல்லீரலும் கர்ப்பத்தில் இதே அவசரத்தில்தான் இருக்கும். அப்புறம், பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது என்று மருமகளுக்கு ஆயிரம் தடை போடும் வீட்டில், திண்ணையில் உட்கார்ந்து மகன் ஊதும் சிகரெட்டுக்குத் தடை போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கெடுதல்தான். தவிர, வீட்டில் இன்னொருவர் புகைத்துக்கொண்டிருந்தால், விட நினைப்பவருக்கு வேலை இரட்டிப்பாகிறது.

பிரசவம் முடிந்ததும் ஹார்மோன்கள் சரிகின்றன. நாலு வாரத்துக்குள் கல்லீரல் பழைய நிதானத்துக்குத் திரும்பிவிடுவதாக இங்கிலாந்தில் ஒரு குழு எச்சில் மாதிரிகளை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறது. அப்போது அதே பேட்ச் அதே பெண்ணுக்கு அதிக நேரம் தாக்குப்பிடிக்கக்கூடும். ஆனால் வவுச்சர் ஆய்வைப் பிரிட்டனில் பல இடங்களுக்கு விரித்துச் செய்தபோது, விட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பவும் புகைக்க ஆரம்பித்திருந்தார்கள். கிளாஸ்கோவின் கடைசி வவுச்சர் 38-வது வாரத்தோடு தீர்ந்துபோனது. மிட்வைஃப் வருவதும் குழந்தை பிறந்த சில வாரங்களில் நின்றுவிடும். ஊதச் சொல்லி அந்தக் கருவியை நீட்ட அதற்குப் பிறகு யாரும் இல்லை. வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை அழுகிறது, கல்லீரல் இப்போதுதான் நிதானமாகியிருக்கிறது.