சட்டகம் ஒன்றுக்கு 16.7 மில்லி செக்கன்: மலையகத்தில் ஒரு சிக்கன விளையாட்டுக் கணினி

விளையாட்டுக்கென முதன்முதலாகக் கணினி ஒன்றைத் தாமே பொருத்த விரும்பும் இளைஞர்கள், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடையொன்றின் விலைப்பட்டியலை வாங்கியதும் கிராபிக்ஸ் அட்டை இருக்கும் வரியைத்தான் முதலில் தேடுகிறார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியதோ, பல வேளைகளில் அந்தப் பட்டியலிலேயே இடம்பெறாத திரையை. கணினி எவ்வளவு வேலை செய்ய வேண்டும், அதை எவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற இரண்டையும் தீர்மானிப்பது திரையே. ஏனைய பாகங்கள் அந்தக் கெடுவுக்குக் கட்டுப்பட்டவை.

60 ஹேர்ட்ஸ் திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே பிரேம் எனப்படும் சட்டகம் ஒவ்வொன்றையும் கணக்கிட்டு வரைந்து முடிக்க 16.7 மில்லி செக்கன் கிடைக்கிறது. 144 ஹேர்ட்ஸ் திரையில் அதே வேலைக்கு 6.9 மில்லி செக்கன்தான். இந்த நேரத்துக்குள் இரு வேறு வேலைகள் நடக்கின்றன. எதிராளி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எதில் பட்டது, எந்தப் பொருள் எங்கே தெரிய வேண்டும் என்பவற்றைச் செயலி கணக்கிட்டு, வரைய வேண்டியவற்றின் பட்டியலைக் கிராபிக்ஸ் அட்டையிடம் ஒப்படைக்கிறது. அட்டை அதை எடுத்துக்கொண்டு, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தைக் கண்டறிகிறது. அட்டை ஒரு சட்டகத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே செயலி அடுத்ததைத் தொடங்கிவிடுவதால், இரண்டின் நேரங்களும் கூட்டப்படுவதில்லை. இரண்டில் மெதுவானது எதுவோ அதுவே வேகத்தை நிர்ணயிக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் எவ்வளவு கொழுந்தை வாட்டினாலும், கீழே உருட்டும் இயந்திரம் ஏற்கும் அளவுதான் தூளாக வெளிவரும் என்பதை மலையகத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகளும், 2560க்கு 1440 என்ற திரையில் 36.9 இலட்சம் புள்ளிகளும் உள்ளன. பெரிய திரைக்கு மாறினால் அட்டையின் சுமை ஒன்றே முக்கால் மடங்குக்கு அருகே ஏறுகிறது. செயலியின் சுமையோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, ஏனெனில் எதிராளிகளின் எண்ணிக்கை திரையைப் பார்த்துக் கூடுவதில்லை. வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளை 144 ஹேர்ட்ஸில் ஆட விரும்புபவருக்குச் செயலி முக்கியமாவதும், காட்சிச் செறிவுள்ள கதை விளையாட்டுகளை 60 ஹேர்ட்ஸில் ஆட விரும்புபவருக்கு அட்டை முக்கியமாவதும் இதனால்தான். கையிலுள்ள கணினியில் எது தடை என்று அறிவதும் எளிது: விளையாட்டின் அமைப்புகளில் காட்சித் தெளிவை (ரெசொலூஷன், அதாவது வரையப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை) குறைத்துப் பார்க்க வேண்டும். வேகம் கூடினால் அட்டையே தடையாக இருந்தது, கூடாவிட்டால் செயலி.

சிக்கனம் பார்ப்பவருக்கு 1080 வரிசைத் திரையே பொருத்தம் என்பது என் கருத்து. அந்தத் திரைக்குரிய அட்டையைத் தேடும்போது, பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் நினைவக அளவை மட்டும் பார்ப்பது போதாது. அந்த நினைவகத்திலிருந்து தரவு எவ்வளவு விரைவாக வந்து சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரேடியொன் ஆர்எக்ஸ் 6600 அட்டையில் 8 கிகாபைட் நினைவகம் உண்டு. அதன் தரவு வேகம் செக்கனுக்கு 224 கிகாபைட். 16.7 மில்லி செக்கனுக்குள் ஏறத்தாழ 3.7 கிகாபைட் தரவை அது படிக்க முடியும். விளையாட்டின் படங்கள் அந்த நினைவகத்துக்குள் அடங்காமல் வழிந்தால், மிஞ்சியவை கணினியின் பொது நினைவகத்திலிருந்து (ரேம்), அட்டையைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியே வர வேண்டியிருக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டையின் வழக்கமான வடிவில் நினைவகம் 4 கிகாபைட்தான். பாதையின் அகலமும் நான்கு தடங்களே. அதை மூன்றாம் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் கொண்ட பழைய தாய்ப்பலகையில் (மதர்போர்ட்) செருகினால், அந்தப் பாதையில் செக்கனுக்கு ஏறத்தாழ 4 கிகாபைட் மட்டுமே செல்லும். அதாவது ஒரு சட்டகத்தின் நேரத்தில் 66 மெகாபைட். சராசரி வேகம் சுமாராக இருக்கும்போதே திரை இடையிடையே திக்கித் திக்கி நிற்பதற்கு இதுவே காரணமாகிறது. புதிய அட்டை என்ற பெயரில் பழைய கணினிகளுக்கு இதை வாங்கிப் பொருத்துவது வீண் செலவு.

செயலிகளிலும் இத்தகைய மறைவான வேறுபாடு உண்டு. ரைசன் 5 5600, ரைசன் 5 5500 இரண்டும் ஆறு கருக்களும் (கணக்கிடும் அலகுகள்) பன்னிரண்டு இழைகளும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) கொண்டவை. செயலிக்குள்ளேயே உள்ள விரைவான சிறு நினைவகமான மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகம் முதலாவதில் 32 மெகாபைட் இருக்க, இரண்டாவதில் 16 மட்டுமே. விளையாட்டின் கணக்குகள் தொடர்ச்சியான நீண்ட வரிசைகள் அல்ல. சிறு சிறு தரவுகளை அங்குமிங்கும் தேடி எடுப்பவை. தேடியது பதுக்கு நினைவகத்தில் கிடைக்காதபோது செயலி பொது நினைவகத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறது, காத்திருக்கும் நேரம் 16.7 மில்லி செக்கனிலிருந்து கழிகிறது. இரு செயலிகளுக்கும் இடையிலான விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் முதலாவதையே எடுக்க வேண்டும். இன்டெல் செயலிகளில் கோர் ஐ3 12100எஃப் நான்கு கருக்களே கொண்டதாயினும் சிக்கனக் கணினிக்கு நன்றாக ஒத்துவரும். பெயரின் இறுதியில் உள்ள எஃப் என்ற எழுத்து, அந்தச் செயலிக்குள் காட்சி வரையும் பகுதி இல்லை என்பதைக் குறிக்கிறது. தனி அட்டை இல்லாமல் அதைக் கொண்டு திரையில் எதுவும் வராது. அட்டைக்கான பணத்தைப் பிறகு சேர்க்கலாம் என்று நினைப்பவர், காட்சிப் பகுதி உள்ளடங்கிய ரைசன் 5 5600ஜி போன்றதை வாங்கித் தொடங்கலாம்.

அப்படித் தொடங்குபவருக்கு நினைவகத்தை இரண்டு துண்டுகளாக வாங்குவது கட்டாயம். டிடிஆர்4 3200 நினைவகத் துண்டு ஒன்று செக்கனுக்கு 25.6 கிகாபைட் தரவைத் தருகிறது. இரண்டு துண்டுகளைத் தாய்ப்பலகையின் உரிய இரு செருகிகளில் பொருத்தினால் அது 51.2 ஆகிறது. உள்ளடங்கிய காட்சிப் பகுதிக்குச் சொந்த நினைவகம் கிடையாது, இந்தத் தரவையே அதுவும் செயலியும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே 16 கிகாபைட்டை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஆக வாங்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் தேவையால் 2025ஆம் ஆண்டின் இறுதியில் நினைவக விலை உலகெங்கும் கடுமையாக ஏறியபின், 32 கிகாபைட் என்ற ஆசையைச் சிக்கனக்காரர் ஒத்திவைப்பதே நல்லது.

சேமிப்பகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எந்த எஸ்எஸ்டியும் சுழலும் வன்தட்டைவிடப் பன்மடங்கு மேல். அதிவேக வகைகளுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதால் விளையாட்டு திறக்கும் நேரத்தில் சில செக்கன்கள் குறையலாமே தவிர, சட்டக வேகம் பெரிதாகக் கூடாது. தாய்ப்பலகையும் அவ்வாறே. வண்ண விளக்குகள் வேண்டாம்.

மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் கூடாது. கடைகளில் பவர் சப்ளை எனப்படும் இந்தப் பெட்டியைக் கேசிங்கோடு இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதன் பக்கத்தில் 500 வாட் என்று எழுதியிருக்கும். அருகிலுள்ள சிறிய அட்டவணையைப் பார்த்தால் 12 வோல்ட் நிரலில் 25 அம்பியர் என்றிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவது 300 வாட். செயலியும் அட்டையும் பெரும்பாலும் 12 வோல்டையே உண்பவை என்பதால், இந்த 300 என்ற எண்தான் உண்மையான கொள்ளளவு. ஆர்எக்ஸ் 6600 அட்டைக்கு 132 வாட், 65 வாட் வகுப்புச் செயலிக்கு அந்த 65ஐவிடச் சற்றுக் கூடுதலாக, ஏனையவற்றுக்கு ஒரு 50 என்று வைத்தாலும் சுமை 260 வாட்டைத் தாண்டும்.

மலையகத்தில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. லக்சபானவும் 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலையும் நமது மலைகளிலேயே இருந்தாலும், வீட்டுச் சுவரில் வரும் மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது அருகிலுள்ள மின்நிலையம் அல்ல; மின்மாற்றியிலிருந்து வீடு வரையுள்ள தாழ்ந்த அழுத்தக் கம்பியின் நீளமும் தடையும்தான். தோட்டத்தின் கடைசி லயன் வரை நீளும் கம்பியில், எல்லா வீடுகளும் மின்சாரம் எடுக்கும் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில், 230 வோல்ட் கணிசமாகத் தாழ்ந்துபோகலாம். விளையாட்டு நடப்பதும் அதே நேரத்தில்தான். சுமை 300 வாட்டாக இருக்க, 230 வோல்டில் 1.3 அம்பியர் எடுக்கும் மின்வழங்கி 180 வோல்டில் 1.7 அம்பியர் எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் உள்ளே வெப்பம் கூடுகிறது. உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று பொறிக்கப்பட்ட மின்வழங்கிகள் இத்தகைய தாழ்வைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை; 200 முதல் 240 என்று மட்டும் எழுதப்பட்டவை அப்படியல்ல. 80 பிளஸ் என்ற முத்திரை வினைத்திறனை, அதாவது எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதை, மட்டுமே அளப்பது, உள்ளிருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது உறுதிமொழி அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மின்சாரம் ஒரு கணம் அறுந்தால் மின்வழங்கிக்குள் இருக்கும் பெரிய கொள்ளளவியே கணினியைத் தாங்குகிறது. 330 மைக்ரோபரட் கொள்ளளவி 390 வோல்டிலிருந்து 300 வோல்ட் வரை இறங்கும்போது ஏறத்தாழ 10 ஜூல் சக்தியை வெளிவிடும்; 350 வாட் சுமைக்கு அது 29 மில்லி செக்கன். யூபிஎஸ் பொதுவாக 10 மில்லி செக்கனுக்குள் மின்கலத்துக்கு மாறிவிடுவதால் நல்ல மின்வழங்கி கொண்ட கணினி அந்த இடைவெளியை உணர்வதே இல்லை. மலிவான மின்வழங்கிகளில் இந்தக் கொள்ளளவியைச் சிறிதாக்கித்தான் செலவைக் குறைக்கிறார்கள், யூபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துபோவதற்கு இது ஒரு பொதுவான காரணம். 650 விஏ என்று விற்கப்படும் யூபிஎஸ் உண்மையில் தரக்கூடியது 360 வாட் அளவே. விளையாட்டைச் சேமித்துவிட்டுக் கணினியை முறையாக அணைக்க அது போதும், தொடர்ந்து ஆட அல்ல.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல்களில் இடியோடு மழை கொட்டும்போது செருகியைக் கழற்றிவிடுவதற்கு ஈடான பாதுகாப்பு எதுவும் இல்லை. ரவுட்டரிலிருந்து வரும் கம்பியையும் சேர்த்துக் கழற்ற வேண்டும், ஏனெனில் மின்னலின் அதிர்வு அந்த வழியாகவும் தாய்ப்பலகையை அடையும். புவித்தொடுப்பும் முக்கியம். மின்வழங்கியின் வாயிலில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரு சிறு கொள்ளளவிகள் உயிர்க்கம்பியையும் நொதுமல் கம்பியையும் உலோக உடலோடு இணைக்கின்றன. புவிக்கம்பி இல்லாத செருகியில் இணைத்தால், அந்த உடல் உள்ளீட்டு அழுத்தத்தின் பாதியளவில், 115 வோல்டுக்கு அருகில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியதாகையால் கேசிங்கைத் தொடும்போது சுள்ளென்ற உணர்வாக மட்டும் தெரியும். அந்த உணர்வு வந்தால் கணினியில் குறை தேடுவதைவிட மின்பணியாளரை அழைத்துச் சுவர்ச் செருகியைச் சோதிப்பதே சரி.

குளிர் ஊரில் கணினி சூடேறாது என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. கொழும்பில் 28 பாகை செல்சியஸ் அறையில் ஓர் அட்டை 73 பாகைக்கு ஏறுகிறது என்றால், அறைக்கு மேல் உயர்வு 45 பாகை. அதே அட்டையை ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகை கொண்ட நுவரெலியாவுக்குக் கொண்டு வந்தால் 61 பாகை என்று கணக்கிடத் தோன்றும். ஆனால் அந்த உயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கே. குளிரால் வளி சற்று அடர்ந்தாலும், மொத்தத்தில் அடர்த்தி கொழும்பைவிட 16 வீதம் அளவு குறைவு. விசிறி அதே கனவளவு வளியைத் தள்ளினாலும் வெப்பத்தைச் சுமந்து செல்லும் திணிவு குறைகிறது, உயர்வு 51 பாகை அளவுக்குக் கூடுகிறது. விடை 67 பாகைக்கு அண்மையில் வரும்: 12 பாகை எதிர்பார்த்த இடத்தில் ஆறு. இந்த ஆறு பாகையும் இலாபமே. செயலியோடு பெட்டியில் வரும் விசிறி போதும், விலையுயர்ந்த நீர்க்குளிரூட்டி தேவையில்லை. விறகடுப்புப் புகை புகும் அறையில் கணினியை வைத்தால் மட்டும், எண்ணெய்ப் பசையுள்ள கரி உலோகத் தகடுகளில் ஒட்டி இந்த இலாபத்தைத் தின்றுவிடும்.

மூடுபனியைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. ஒரு பரப்பு, வளியின் பனிபடுநிலையைவிடக் குளிர்ந்திருந்தால்தான் அதன்மேல் நீர் ஒடுங்கும். ஓடும் கணினி அறையைவிடச் சூடானது. ஆபத்து நேர்வது, இரவுப் பேருந்தில் குளிர்ந்துபோன பாகங்களைச் சூடும் ஈரமும் உள்ள அறையில் உடனே பிரிக்கும்போது. அவற்றை உறையோடு வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் பிரிக்க வேண்டும்.

பழைய பாகங்களைப் பொறுத்தவரை, 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற மறைநாணயத்தின் வலையமைப்பு, கிராபிக்ஸ் அட்டைகளைக் கணக்கிட வைத்து நாணயம் ஈட்டும் ‘அகழும்’ முறையைக் கைவிட்டபின் அந்த அட்டைகள் சந்தைக்குப் பெருமளவில் வந்தன. ஒரே வெப்பநிலையில் நாள் முழுவதும் ஓடிய சில்லுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், தேய்ந்திருப்பவை விசிறிகளும் நினைவகச் சில்லுகளின் வெப்பத்தைக் கடத்தும் மென்திண்டுகளும் (தெர்மல் பேட்). விற்பவர் முன்னிலையில் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டு அலுவலகங்களில் கழிக்கப்பட்டு வரும் பெட்டிகளின் மின்வழங்கிகள் சிறியவை. அவற்றில் தாய்ப்பலகையின் செருகியிலிருந்தே முழு மின்சாரத்தையும் பெறும் 75 வாட் அட்டைகள் மட்டுமே பொருந்தும். அத்தகைய பெட்டியின் செயலி இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதாயின் விண்டோஸ் 11க்கு அது தகுதியற்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்தபின் மூன்று இடங்களில் வேகம் ஓசையின்றி இழக்கப்படுகிறது. திரையின் கம்பியைத் தாய்ப்பலகையின் துளையில் செருகினால், வாங்கிய அட்டை சும்மா இருக்கும். அதை அட்டையின் துளையிலேயே செருக வேண்டும். 3200 என்று வாங்கிய நினைவகம் முதலில் 2133 அல்லது 2400 போன்ற தாழ்ந்த வேகத்திலேயே விழிக்கும், தாய்ப்பலகையின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயோஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் உரிய வேகத்துக்கு ஏறும். 144 ஹேர்ட்ஸ் திரையையும் விண்டோஸ் பல வேளைகளில் 60இல் ஓட்டும். காட்சி அமைப்புகளுக்குள் சென்று அதை மாற்றும்வரை சட்டகங்கள் பழைய 16.7 மில்லி செக்கனுக்கு ஒன்றாகவே வந்துகொண்டிருக்கும்.