லண்டன் ஸ்பொன்சர் விசா: எதற்குக் காசு கட்டலாம், எதற்குக் கட்டக்கூடாது

திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தம்பி போன கிழமை போனில் ஒரு பீடிஎஃப் காட்டினான். மேலே பிரித்தானிய முடிச் சின்னம், கீழே வட்டமாக ஒரு சிவப்பு முத்திரை, நடுவில் அவனுடைய பெயர். "அண்ணை, ஸ்பொன்சர் வந்திட்டுது. மிச்சக் காசைக் கட்டினால் விசாதான்" என்றான். வேலை, முதியோர் பராமரிப்பு. மிச்சக் காசு என்றது தம்பலகாமத்தில் இருக்கிற வயலை விற்றால்தான் கட்டக்கூடிய தொகை.

பார்த்தவுடனேயே இரண்டு பிழை தெரிந்தது. பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைப் பிரித்தானியா 2025 ஜூலை 22ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. இன்னமும் "கெயார் விசா" என்று விற்பவர் இல்லாத சாமானைத்தான் விற்கிறார். மற்றது, ஸ்பொன்சர் சான்றிதழ் என்பது முத்திரை குத்தின கடதாசியே இல்லை.

அது கணினியில் இருக்கும் ஒரு பதிவு. ஆட்களுக்கு ஸ்பொன்சர் செய்ய லைசன்ஸ் எடுத்த முதலாளி, அந்நாட்டு உள்துறை அமைச்சின் இணைய அமைப்புக்குள் போய் அதை உருவாக்குவார். உங்களுக்குக் கிடைப்பது எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குறிப்பு எண். அந்தப் பதிவில் தொழில் குறியீடு (அந்த வேலை வகைக்குரிய எண்), சம்பளம், வேலை செய்யும் இடம், தொடங்கும் திகதி எல்லாம் இருக்கும். இங்கிருந்து விண்ணப்பிக்கிற ஆளுக்கு, குறிப்பிட்ட அந்த வேலையைச் சொல்லி முதலாளி தனியாக அனுமதி கேட்டுத்தான் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஆகவே "என்னட்டைப் பத்து ஸ்பொன்சர் கைவசம் இருக்கு" என்று ஒருவர் சொன்னால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வரலாம். வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த எண்ணைப் பாவித்து விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இனிக் காசுக் கதை. முதலாளியின் லைசன்ஸ் கட்டணம், சான்றிதழ் கட்டணம், ஆள் எடுப்பதற்காக அவர் கட்டும் திறன் வரி ஆகிய மூன்றும் முதலாளியின் செலவு. திறன் வரியைத் தொழிலாளியிடம் வாங்குவது முன்பே தடை. மற்ற இரண்டையும் திறன்சார் தொழிலாளர் தலையில் கட்டக்கூடாது என்ற விதி 2024 டிசம்பர் 31 முதல் இருக்கிறது. மீறினால் முதலாளியின் லைசன்ஸே போகலாம். "ஸ்பொன்சர் சார்ஜ்" என்று யாராவது உங்களிடம் கேட்டால், அந்தப் பேரிலேயே பிழை இருக்கிறது.

உங்கள் பக்கச் செலவு என்று இருப்பது விசாக் கட்டணம், ஆங்கிலப் பரீட்சை, காசநோய்ப் பரிசோதனை, அதோடு அந்நாட்டு அரச மருத்துவ சேவைக்கான சுகாதார மேல்கட்டணம். மேல்கட்டணம்தான் கனக்கும்: வருடத்துக்கு 1,035 பவுண், மூன்று வருட விசா என்றால் 3,105 பவுண், அதையும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். தாதியர் போன்றவர்கள் போகும் சுகாதாரப் பிரிவு விசாவுக்கு அது இல்லை. தாதி வேலைக்குப் போகிற பிள்ளையிடம் அந்தக் காசையும் சேர்த்து வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், கவனம். போய் இறங்கியதும் வரும் முதல் மாதச் செலவுக்கு முதலாளி பொறுப்பேற்காவிட்டால் வங்கியில் 1,270 பவுண் 28 நாள் தொடர்ந்து கிடக்கவும் வேண்டும். கட்டணங்கள் அடிக்கடி மாறும், கட்டுகிற நாளில் அரச இணையத்தளத்திலேயே பாருங்கள்.

தகுதியும் இறுகிவிட்டது. 2025 ஜூலைக்குப் பிறகு பொதுவாகப் பட்டதாரித் தர வேலை வேண்டும். சம்பளம் வருடத்துக்கு 41,700 பவுண் அல்லது அந்தத் தொழிலுக்கு விதித்த தொகை, இரண்டில் எது கூடவோ அது. சுகாதாரம், கல்வி, புதிதாகத் தொழிலுக்கு வருபவர் என்று சிலருக்குக் குறைந்த அளவுகள் உண்டு. ஆங்கிலம் 2026 ஜனவரி 8 முதல் பி2 மட்டம், அதாவது இடைநிலைக்கும் மேல்.

அப்படியென்றால் தொழில்முறை உதவியே வேண்டாமா? வேண்டும், சில இடங்களில். முன்பு விசா மறுக்கப்பட்டிருந்தால், வேலைக்கும் தொழில் குறியீட்டுக்கும் பொருந்தாமல் இருந்தால், தெரிந்த ஒருவர் பார்ப்பது நல்லது. எங்கள் ஆட்களுக்குப் பெயர் தனித் தலையிடி. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், ஓ.எல். சான்றிதழில் இன்னொன்று, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு. இதை முதலே விளக்கி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் தமிழ் ஆவணங்களை ஒழுங்காக மாற்றிக் கொடுப்பவருக்குக் கூலி கொடுக்கலாம். அது வேலைக்குரிய கூலி, விசாவின் விலை இல்லை.

பிரித்தானியாவில் இருந்துகொண்டு குடிவரவு ஆலோசனை சொல்பவர் சட்டத்தரணியாகவோ குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிந்தவராகவோ இருக்க வேண்டும். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டும் இல்லாமல் சொல்வது குற்றம். அவுஸ்திரேலியாவில் பதிவான முகவருக்கு ஏழு இலக்க எண் உண்டு, அங்கே ஸ்பொன்சருக்குக் காசு கேட்பதும் கொடுப்பதும் 2015 முதல் சட்டவிரோதம். கனடாவில் ஆலோசகர்களைப் பதிந்து கண்காணிக்கும் தனி அமைப்பு ஒன்று இருக்கிறது (பெயரில் "கொலிஜ்" என்று வந்தாலும் படிப்பிக்கிற இடம் இல்லை), பெயரை அதன் பதிவேட்டில் தேடலாம்.

இங்கே திருகோணமலையில் கடை போட்டிருப்பவருக்கு அந்தப் பதிவுகள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்தால் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் லைசன்ஸ் கட்டாயம். சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் வியாபாரப் பெயர்ப் பதிவுதான். பலசரக்குக் கடைக்கும் அதே பத்திரம்தான் கொடுப்பார்கள். லைசன்ஸ் எண்ணையும் முடிவுத் திகதியையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துப் பாருங்கள். தமிழிலேயே கேளுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம். வேலைக்குப் போகிறவர் புறப்படுமுன் பணியகத்தில் பதிய வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று: போலி ஆவணம் யார் வைத்தாலும் விண்ணப்பம் உங்கள் பெயரில். பிரித்தானியா அதைப் பிடித்தால் பத்து வருடத் தடை வரலாம்.

தம்பியின் பீடிஎஃபில் இருந்த நிறுவனத்தை ஸ்பொன்சர் லைசன்ஸ் பதிவேட்டில் தேடினோம். பெயர் இருந்தது. அவன் முகம் மலர்ந்தது. சரி, அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்த முகவரிக்கே மின்னஞ்சல் போடுவோம் என்றேன். மறுநாள் பின்னேரம் பதில் வந்தது: அப்படி ஒரு வேலையும் நாங்கள் கொடுக்கவில்லை.