‘ஐம்பது பர்சன்ட் பேப்பர்தானே’ என்று ஒட்டாதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், சேலத்தில் கார் கண்ணாடி வேலை செய்யும் எந்தக் கடையிலும் இதே கேள்விதான்: “ஐம்பது பர்சன்ட் கூலிங் பேப்பர் இருக்குங்களா? அது லீகல்தானே?” இல்லை. எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. கோடை முடிவதற்குள் அதே கார்கள் அபராத ரசீதோடு பேப்பரை உரிக்கத் திரும்பி வருகின்றன.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100 சொல்வது சுருக்கமானது. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதம் விட வேண்டும்.

இந்த 50 என்ற எண்ணை வைத்துத்தான் எல்லாக் குழப்பமும். பேப்பர் சுருளில் அச்சடித்திருக்கும் 50 அந்தப் பேப்பருக்கு மட்டுமான கணக்கு. சட்டம் கேட்பதோ, கண்ணாடியும் பேப்பரும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சம் விடுகின்றன என்பதை. கம்பெனியிலிருந்து வரும் பச்சைச் சாயல் கண்ணாடியே முழு வெளிச்சத்தை விடுவதில்லை. அது 75 சதவீதம் விடுகிறது என்று வையுங்கள். அதன்மேல் 50 பேப்பர் ஒட்டினால் 75-இல் பாதி, அதாவது 37.5 சதவீதம்தான் உள்ளே வரும். சட்டத்தின் எல்லைக்கு மிகக் கீழே. 70 பேப்பர் ஒட்டினால் 52.5, பக்கக் கண்ணாடி மயிரிழையில் தப்பும். முன் கண்ணாடியில் 90 என்று விற்கும் ‘தெளிவான’ பேப்பரை ஒட்டினாலும் 67.5தான், அங்கே தேவை 70. கழிக்காதீர்கள், பெருக்குங்கள். ஒட்டும் முன்பு வெறும் கண்ணாடியையும், ஒட்டிய பின்பு இரண்டையும் சேர்த்தும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லாத கடையில் ஒட்டாதீர்கள்.

அளவு சரியாக இருந்தாலும் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 2012 ஏப்ரலில் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த அளவு வெளிச்சம் விடும் பேப்பராக இருந்தாலும் கண்ணாடிமேல் தனியாக ஒட்டக் கூடாது என்றது. காவலர் அந்த இடத்திலேயே உரிக்கலாம். 2021 ஏப்ரல் முதல் விதியில் ‘சேஃப்டி கிளேசிங்’ (பிளாஸ்டிக் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடி) சேர்ந்தது. அதை வைத்து, முன், பின் கண்ணாடிகளில் 70, பக்கத்தில் 50 என்ற அளவுக்குக் குறையாமல் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டலாம் என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதுதான். நீதிமன்றத்தில் வாதாட உதவலாம். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் போலீஸ் நிறுத்தும்போது உதவாது. மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 177-இன்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 வரை அபராதம். உரிந்துபோன பேப்பரின் விலை தனி. கட்சிக் கொடி, பிரஸ் ஸ்டிக்கர், வக்கீல் ஸ்டிக்கர் எதுவும் விலக்கு ஆகாது.

“வெயில் தாங்கலைங்க, குழந்தை இருக்கு” என்பது நியாயமான காரணம். ஆனால் கருப்புக்கும் குளிர்ச்சிக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. மலிவான சாயப் பேப்பர் வெப்பத்தைத் தானே உறிஞ்சிச் சூடாகி, அதில் ஒரு பங்கை உள்ளேயே விடும். நிற்கும் காருக்கு முன் கண்ணாடியில் வெள்ளி நிற மறைப்பு வையுங்கள். கிளம்பும்போது கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, சூடான காற்று வெளியேறிய பிறகு ஏசி போடுங்கள். கண்ணாடி மாற்ற நேர்ந்தால் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, கம்பெனி கொடுத்த அதே பச்சைச் சாயல் கண்ணாடியைக் கேளுங்கள்.

ஏற்காடு ஏறுபவர்களிடம் இதைக் கெஞ்சியே கேட்க வேண்டியிருக்கிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் திரும்பும்போது பார்வை போவது பக்கக் கண்ணாடி வழியாக. ஹெட்லைட் வெளிச்சம் அந்தப் பக்கம் விழாது. அந்தி நேரத்தில், பனி இறங்கியிருக்கும்போது, விளக்கில்லாத சைக்கிளும் ரோட்டோரம் நடப்பவரும் கருப்புப் பேப்பருக்கு அப்பால் தெரியவே மாட்டார்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால், வளைவுகளில் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டுங்கள். ஊர் திரும்பியதும் உரித்துவிடுங்கள், தயவுசெய்து.

உரிப்பதிலும் அவசரம் வேண்டாம். பின் கண்ணாடியின் உள்பக்கம் ஓடும் மெல்லிய கோடுகள் ஈரப்பனியை நீக்கும் டிஃபாகர் கம்பிகள். பிளேடு பட்டால் அறுந்துவிடும். ஹீட் கன் அல்லது நீராவியால் பேப்பரை வெதுவெதுப்பாக்கி, மூலையில் தூக்கி, கோடுகள் போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். மிஞ்சிய பசைக்கு சோப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக் சுரண்டியும் போதும். பிறகு டிஃபாகரைப் போட்டு, கண்ணாடியில் ஊதிப் பாருங்கள். ஆவி கலையாமல் நிற்கும் கோடு அறுந்த கோடு. மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயிண்ட் தடவி அதை இணைக்கலாம். நான்கைந்து கோடுகள் போயிருந்தால் கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான்.