மொசைக் நோயா, தேமல் நோயா?

மாம்பலத்தில் எங்கள் மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு அக்கா பாகல் கொடி வைத்திருக்கிறார். இலைகளில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகப் படர்ந்து, ஓரம் சுருண்டிருந்தது. "கடைக்காரர் மொசைக்னு சொல்றார். அது நம்ம வீட்டுத் தரை இல்லையா?" என்று கேட்டார்.

அதே சொல்தான். சென்னையின் பழைய வீடுகளில் நிறநிறமான கல்துண்டுகளைச் சிமென்டில் கலந்து இழைத்த தரையை மொசைக் என்கிறோம். இடைக்கால இலத்தீனிலிருந்து வந்த இந்தச் சொல்லின் வேரைக் கிரேக்கர்களின் கலைத் தேவதைகளான மியூஸ்களோடு இணைப்பார்கள். 1886இல் நெதர்லாந்தில் ஆய்வு செய்த அடால்ஃப் மேயர், புகையிலை இலையில் கண்ட நிறத்திட்டுகளுக்கு இந்தப் பெயரை வைத்தார். நோயுற்ற இலையின் சாற்றைச் செலுத்தினால் நல்ல செடிக்கும் அது தொற்றும் என்று காட்டியவரும் அவரே. 1898இல் டச்சு ஆய்வாளர் பெய்ஜெரிங்க் அந்தத் தொற்றுப்பொருளை வைரஸ் என்றார். இலத்தீனில் அதற்கு நஞ்சு என்று பொருள். நம் 'நச்சுயிரி'யிலும் அந்த நஞ்சு இருக்கிறது.

தமிழில் மொசைக் நோய்க்குப் பெயர் தேமல் நோய். உளுந்து, பச்சைப்பயறு பயிரிடுபவர்கள் 'மஞ்சள் தேமல்' என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். மரவள்ளிக்கும் இதே பெயர்தான். சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியில் படரும் 'சுணங்கு' என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் தேமல் என்றே பொருள் எழுதுகிறார்கள். அங்கே அது அழகு! எனக்கு மொசைக்கைவிடத் தேமலே பிடிக்கும். மொசைக் என்றால் பதித்து வைத்த துண்டுகள்தான் கண்ணில் வரும். தேமலோ மேல்தோலில் தானாகப் படர்வது. இலையில் நடப்பதும் அதுதான்.

ஆனால் இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. நம் தோலில் வரும் தேமலுக்குக் காரணம் பூஞ்சை. களிம்பு தடவினால் போகும். இலைத் தேமலுக்குக் காரணம் நச்சுயிரி. பெயர் ஒன்றாக இருப்பதால் அக்கா பூஞ்சைக்கொல்லியை இரண்டு முறை அடித்துவிட்டார். பாகலில் வரும் சாம்பல் நோய்க்கு அது உதவும், தேமலுக்கு உதவாது. நச்சுயிரி புகுந்த கொடியைக் குணப்படுத்த மருந்தே கிடையாது.

பாகலுக்கு இதைக் கொண்டுவருபவை வெள்ளை ஈயும் அசுவினியும். மஞ்சள் தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ. வெள்ளரித் தேமல் நச்சுயிரியைச் சுமப்பது அசுவினி. பூச்சி சாறு உறிஞ்சும்போதே நோயும் இறங்கிவிடுகிறது. அதனால் இலையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு மனசே வரவில்லை, இரண்டு பிஞ்சு வேறு விட்டிருந்தது. அப்புறம் ஒரு வழியாகக் கொடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டார். பக்கத்துத் தொட்டியில் இருக்கும் பீர்க்கங்காய்க்கு மேலே மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம். நேற்று பார்த்தபோது அதில் வெள்ளை ஈக்கள் அப்பியிருந்தன.