மூளையில் உண்டாவது நொதி, 'ஊக்கி' இல்லை

"தைராய்டு ஊக்கி குழந்தையின் மூளையில் ஊக்கிகளின் உற்பத்தியை ஊக்குவிக்கிறது." காரைக்குடியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த துண்டறிக்கையில் இப்படி ஒரு வரி. எந்த ஊக்கி எதை ஊக்குகிறது? பேத்திக்காக வாசித்துக் காட்டச் சொன்ன ஆச்சியிடம் என்ன சொல்வது?

முதல் ஊக்கி ஹார்மோன், இரண்டாவது என்சைம். ஹார்மோன் 1905-இல் ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல், கிரேக்கத்தில் கிளப்பிவிடுவது என்று பொருள். தமிழில் இயக்குநீர், சரி. என்சைம் 1877 வாக்கில் ஜெர்மானியரான கூனே வைத்த பெயர். 'ஜைமே' என்றால் புளிப்பேற்றும் மாவு. நொதித்தலில் பிறந்த நொதி அதற்கு அப்படியே பொருந்துகிறது, இலங்கையில் நொதியம் என்பார்கள்.

ஊக்கிக் கட்சிக்காரர்கள் கேட்பது, மூளை என்ன இட்லி மாவா நொதிப்பதற்கு, வினையை ஊக்குவதால் ஊக்கி என்றால் என்ன என்று. அப்படிப் பார்த்தால் வேதிவினையை வேகப்படுத்தும் பிளாட்டினமும் வினையூக்கிதான், மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற காரைக்குடியில் இதைப் போய் விளக்க வேண்டியிருக்கிறது! நொதி என்பது உயிரணு தன் மரபணுவைக் கொண்டு தானே செய்துகொள்கிற வினையூக்கி, பெரும்பாலும் புரதம். அந்தச் செய்துகொள்ளும் இடத்தில்தான் தைராய்டு வருகிறது. சுரப்பி அதிகம் விடுவது டி4, நான்கு அயோடின் கொண்ட இயக்குநீர். மூளையில் விண்மீன் வடிவ உயிரணுக்களில் இருக்கும் ஒரு நொதி அதிலிருந்து ஒரு அயோடினைக் கழற்றி டி3 ஆக்குகிறது. டி3 நரம்பணுவின் உட்கருவுக்குள் போய், அங்கே அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது, சிலவற்றை அடக்குகிறது, அப்படித்தான் சில நொதிகள் கூடுகின்றன. சோடியம், பொட்டாசியத்தை உயிரணுவுக்கு வெளியேயும் உள்ளேயும் தள்ளும் நொதி ஓர் உதாரணம்: பிறந்த எலிக்குட்டிக்குத் தைராய்டு இயக்குநீர் குறைந்தால் மூளையில் அது குறைகிறது, வளர்ந்த எலியிடம் அவ்வளவு மாற்றமில்லை. காலம் தவறினால் சிக்கல் என்பதே விஷயம். கர்ப்பத்தின் முதல் பாதியில் கரு பெரிதும் தாயின் இயக்குநீரை நம்பித்தான் இருக்கிறது. ஆக, நொதி இயக்குநீரைத் தயார்செய்கிறது, இயக்குநீர் வேறு நொதிகளை உண்டாக்க வைக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் யார் யாருக்கு வேலை செய்கிறார்கள் என்றே தெரியாது.

என்சைம் என்றாலே 'செரிமான நீர்' என்று எழுதுகிறவர்கள் இன்னும் மோசம், மூளையில் எதைச் செரிக்க?

தைராய்டையும் கேடயச் சுரப்பி ஆக்கச் சொல்கிறார்கள் சிலர். கிரேக்க மூலம் கேடயம்தான், ஆனாலும் வேண்டாம், தைராய்டு என்றால் எல்லாருக்கும் புரிகிறது. "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று சொல்வதைத்தான் முதலில் நிறுத்தவேண்டும். அது எல்லாருக்கும் கழுத்தில் இருக்கிறது. கூடுதலா குறைவா, அதைச் சொல்லுங்கள்.